முதலில் துளையை அளந்து பாருங்கள்

அத்தியாயம் 7: பழைய கிடாருக்கும் வீணைக்கும் மாற்றுக் கீ

நந்திவரம் ஏரி நிரம்பிக் கிடந்த ஒரு மழைக்காலக் காலையில் ஊரப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவின் கிடாராம். பழைய போர்வையில் சுற்றி, மேலே பாலிதீன் கவர் போட்டு, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்திருந்தார். கல்கத்தாவில் செய்த கிடார். ஐம்பது வயதுக்குக் குறையாது. தலைப்பகுதியில் இருந்த ஆறு கீயில் மூன்றுக்குப் பிளாஸ்டிக் குமிழே இல்லை. மற்ற மூன்றும் தொட்டால் பழைய வெல்லக்கட்டிபோல் உதிர்ந்தன. கையோடு ஒரு புது கீ செட்டும் வாங்கி வந்திருந்தார். குரோம் பூச்சு, முழுக்க மூடிய வகை, பெட்டி பிரிக்காமல் அப்படியே.

"அண்ணே, கீ ரெடியா இருக்கு. மாட்டிக் குடுத்துடுங்க. அரை மணி நேர வேலைதானே?"

வெர்னியர் காலிப்பரை எடுத்துத் துளையை அளந்தேன். 8.8 மி.மீ. பெட்டியில் இருந்த கீக்கு வேண்டியது 10 மி.மீ.

"இந்தக் கீ ஏறணும்னா துளையப் பெருசு பண்ணணும் சார். பண்ணிட்டா அப்புறம் சின்னதாக்க முடியாது."

அவர் கிடாரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இந்த அத்தியாயம் அந்த 1.2 மி.மீ. பற்றியது. மாற்றுக் கீ வாங்க நினைப்பவர்கள் பளபளப்பையும் பெயரையும் விலையையும் பார்க்கிறார்கள். துளையைப் பார்ப்பவர் குறைவு. கீ கடையில் கிடைக்கும், நாளைக்கும் கிடைக்கும். ஐம்பது வருடம் காய்ந்த மரம் அந்த ஒன்றுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு பழைய கிடாரின் தலையில் ஆறு துளையையும் ரீமரால் அகலப்படுத்தினேன். வாடிக்கையாளர் கேட்டார், செய்தேன். இரண்டு கோடை கழித்து அது திரும்பி வந்தபோது இரண்டு துளைகளுக்கு நடுவே மரத்தின் நாரோடு நாராக ஒரு விரிசல் ஓடியிருந்தது. பசை வைத்துச் சேர்த்துக் கொடுத்தேன். அந்த விரிசல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கீதான் கெட்டுப் போயிருக்கிறதா?

"சுருதி நிக்கல, கீ மாத்தணும்" என்று வரும் கிடார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கீயை மாற்றத் தேவையே இருப்பதில்லை. கீக்குள் இருப்பவை இரண்டே உறுப்புகள்: நாம் திருகும் குமிழோடு சேர்ந்த திருகுத் தண்டு, கம்பி சுற்றும் கம்பத்தோடு சேர்ந்த பல் சக்கரம். திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் திருகைச் சுற்றாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் இந்த அமைப்பு தானாகப் பின்வாங்காது. ஆகவே சுருதி இறங்கினால் முதல் சந்தேகம் வேறு இடத்தில் விழட்டும்.

கீயைத் திருகும்போது சுருதி ஏறாமல் நின்று, திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு தாவுகிறதா? அது நட்டின், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கிப் போகும் பட்டையின், வேலை. கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு விடுபடும் சத்தம் அது. பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்து அந்தக் கரியைத் தங்கவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அடுத்து, கம்பத்தில் கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியதற்கு இன்னும் ஒன்றிரண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். நூல்கண்டுபோல் குவிந்து கிடந்தால் எந்த ஊர்க் கீயும் சுருதி காக்காது. சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பற்களுக்கு இடையே இருக்கும் சிறு இடைவெளி அப்போதுதான் இறுகி நிற்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் குமிழைக் கால் சுற்று திருகியும் கம்பம் அசையவில்லை என்றால், சக்கரத்தின் பல் தேய்ந்து பக்கவாட்டில் கூர்மையாகத் தெரிந்தால், கம்பத்தை விரலால் ஆட்டும்போது லொடலொடத்தால், கீ தன் காலத்தை முடித்துவிட்டது. குமிழ் மட்டும் உதிர்ந்திருந்தால் முடியவில்லை. பழைய கீகளின் பிளாஸ்டிக் குமிழ் வருடங்கள் ஆக ஆகச் சுருங்கி உதிர்வது உலகம் முழுக்க நடப்பது. புதுக் குமிழ் தனியாக விற்கிறார்கள். தண்டின் முனையைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, குமிழை நேராக வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் இளகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு குமிழுக்கு ஒரு நிமிடம். சூடு அதிகமானால் குமிழ் கோணிவிடும், அதனால் உதிர்ந்த குமிழ் ஒன்றில் முதலில் கை பழகிக்கொள்ளுங்கள்.

எதை எதை அளப்பது

ஒரு தாளில் கிடாரின் தலையை வரைந்துகொண்டு உட்காருங்கள். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பள்ளிக்கூட ஸ்கேல் இதற்குப் போதாது.

முதல் அளவு துளையின் விட்டம். முகப்பில் இருக்கும் உலோக வளையத்தை, புஷ் என்று சொல்வோமே அதை, வைத்தபடியே அளந்தால் தவறான கணக்கு வரும். மரத்தின் துளையை அளக்க வேண்டும். உலகம் இரண்டு அளவில் பிரிந்து நிற்கிறது. 1950களில் ஃபெண்டரும் கிப்சனும் அதிகம் பொருத்தியவை சிகாகோவின் க்ளூசன் கீகள். அந்த வகைக்குத் துளை ஏறக்குறைய 8.7 மி.மீ., கம்பம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ., முகப்பில் அழுத்தி இறக்கும் புஷ். அமெரிக்காவின் க்ரோவரும் ஜெர்மனியின் ஷாலரும் கொண்டுவந்த மூடிய கீகளுக்குத் துளை 10 மி.மீ., முகப்பில் மரையோடு இறுகும் நட்டு. இந்த இரண்டுக்கும் நடுவிலும், இரண்டுக்கும் வெளியிலும் நம் ஊர்ப் பழைய கிடார்கள் நிற்கும். ஒரே தலையில் ஆறு துளையும் ஆறு அளவாக இருப்பதுண்டு. ஆறையும் அளந்து எழுதுங்கள்.

இரண்டாவது, தலையின் தடிமன். கம்பத்தில் கம்பி நுழையும் ஓட்டை, மரத்துக்கும் புஷ்ஷுக்கும் மேலே தெரிய வேண்டும். கம்பம் குட்டையானால் கம்பி புஷ்ஷில் உரசும். மூடிய வகையில் தலை தடித்திருந்தால் நட்டுக்கு மரை எட்டாது.

மூன்றாவது, தகடு. பழைய கிடார்களில் ஒரே தகட்டில் மூன்று கீ இருக்கும், பக்கத்துக்கு ஒரு தகடு. இங்கே ஒரு கம்பத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தூரமே உயிர்நிலை. பக்கத்துப் பக்கத்துக் கம்பத்தை அளக்காதீர்கள். முதலாவதிலிருந்து மூன்றாவது வரை அளந்து இரண்டால் வகுங்கள், பிழை பாதியாகும். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிடாரில், தலையில் நீள்வாக்கில் இரண்டு பள்ளம் வெட்டியிருக்குமே அதில், இன்று பொதுவாகக் கிடைப்பது 35 மி.மீ.; முதலுக்கும் மூன்றுக்கும் 70. உங்களுடையது 39 என்று வந்தால் அதற்கும் தகடு உண்டு, தேடி வாங்க வேண்டும். 38 என்று வந்தால் தகட்டை மறந்துவிட்டுத் தனித்தனிக் கீ பாருங்கள். ஒரு மி.மீ. தானே என்று தகட்டை நெம்பி ஏற்றினால் கம்பம் சாய்ந்து துளையின் ஓரத்தில் உரசும், திருகத் திருகக் கை வலிக்கும். மாண்டலினுக்குத் தகட்டில் நான்கு கீ. இன்றைய அளவு 23 மி.மீ. இடைவெளி, முதலுக்கும் நான்காவதற்கும் 69. யூ. ஸ்ரீனிவாஸ் கர்நாடக மேடையில் மாண்டலினை நிறுத்திய பிறகு பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்த மாண்டலின்கள் எத்தனையோ வீட்டுப் பரணில் இருக்கின்றன. இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தகடு மட்டும்தான் போயிருக்கும்.

நான்காவது, திருகு ஓட்டைகள். க்ளூசன் வகைக்கு மேலொன்று கீழொன்று என இரண்டு திருகு. மூடிய வகைக்கு ஒரே திருகு, பக்கத்தில். வகை மாறினால் பழைய ஓட்டை வெளியே தெரியும். பார்க்க அசிங்கம் என்பது மட்டுமல்ல, கிடாரின் வரலாறு தெரிந்தவர் விலை பேசும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

தகட்டு வகையில் இன்னொன்றும் கவனியுங்கள். கம்பி இழுக்கும் திசை கழுத்துமுனை நட்டை நோக்கியது. ஆகவே சக்கரத்தைவிடத் திருகுத் தண்டு நட்டுப் பக்கமாக இருந்தால், கம்பி இழுக்க இழுக்கச் சக்கரம் திருகோடு அழுந்தும். தலைகீழாக இருந்தால் விலகும். இடது தகட்டை வலதுக்கு மாற்றிப் போட்டால் இந்தத் தலைகீழ் நேரும், குமிழும் எதிர்த்திசையில் திருகும். கழற்றும்போதே தகட்டின் உட்புறம் 'இ', 'வ' என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். மிகப் பழைய கருவிகளில் திருகு மேல்பக்கம் இருப்பதே அசல் அமைப்பாக இருக்கலாம். அங்கே துளைகளும் அதற்கேற்ப இருக்கும் என்பதால் அதே அமைப்புள்ள தகட்டையே தேடுங்கள்.

எதை வாங்குவது

அளவு கையில் வந்துவிட்டால் தேர்வு தானாகச் சுருங்கிவிடும். பழைய கிடாருக்குத் துளையை வெட்டாமல் ஏறும் கீயே நல்ல கீ. அதைவிட உசத்தியானது சந்தையில் இருந்தாலும் அந்தக் கிடாருக்கு அது உசத்தி இல்லை. க்ளூசன் பாணியில் ஜப்பானின் கோட்டோ செய்யும் கீகள் என் அனுபவத்தில் சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கின்றன. பெயரில்லாத மலிவு செட்டிலும் நல்லது அகப்படும், ஆனால் ஆறில் ஒன்றாவது முரண்டு பிடிக்கும். வாங்கும் முன் ஆறு குமிழையும் திருகிப் பாருங்கள். எல்லாம் ஒரே கனத்தில் திரும்ப வேண்டும்.

14க்கு 1, 15க்கு 1, 18க்கு 1 என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். குமிழ் எத்தனை முறை சுற்றினால் கம்பம் ஒருமுறை சுற்றும் என்ற கணக்கு அது. திறந்த கீயில் சக்கரத்தின் பற்களை எண்ணினாலே அந்த எண் வந்துவிடும். எண் கூடினால் நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம், கம்பி மாற்ற நேரம் கூடும். 14க்கும் 15க்கும் வித்தியாசம் கையில் தெரியாது. இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எடையைப் பாருங்கள். மூடிய கீ கனமானது. லேசான பழைய கிடாரில் ஆறு கனத்த கீ ஏறினால் கழுத்து இடது கையில் சாயத் தொடங்கும். கையிலிருக்கும் பழைய செட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே யாரோ 10 மி.மீ. துளை போட்டுவிட்டார்கள் என்றால் மனம் தளர வேண்டாம். வெளியே 10, உள்ளே 6.35 மி.மீ. உள்ள மாற்று புஷ் விற்கிறது. அதைப் போட்டால் பழைய பாணிக் கீ மறுபடி ஏறும். வெட்டிய மரம் திரும்பி வராவிட்டாலும் கிடாரின் முகம் திரும்பி வரும்.

எங்கள் ஊர் கூடுவாஞ்சேரியில் இதற்கென்று தனிக்கடை கிடையாது. சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளுக்கு மின்ரயிலில் போகிறவர்கள், அளவெழுதிய தாளோடு பழைய கீ ஒன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் துளை அளவு எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். 'எல்லா கிடாருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

உப்புக் காற்று

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் விடுதி நடத்தும் நண்பர் ஒருவரிடமிருந்து வருடத்துக்கு இரண்டு கிடாராவது வரும். விருந்தினருக்காக வாசலில் தொங்கவிட்டிருப்பார். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்தில் இருக்கும் கருவிகளுக்கு எல்லாம் ஒரே கதி: திருகுகளின் தலை சிவந்து, சக்கரத்தின் பல்லிடுக்கில் துருவும் மணலும் சேர்ந்து மைபோல் அப்பியிருக்கும். ஒருமுறை அதில் ஒரு பல்லை ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பித்தளை புத்தம் புதிதாக மின்னியது. சக்கரம் பித்தளை, கெட்டது எஃகுத் திருகு மட்டுமே. பழைய டூத்பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதுமாக இருந்தது. மரத்தில் படாமல், கீயைக் கழற்றி எடுத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கடலோர வீட்டில் புதுக் கிடார் வைத்திருப்பவருக்கு மூடிய கீயைத்தான் சொல்வேன். பழைய கிடாருக்குத் திறந்த கீயே இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசிமுனையில் எடுத்து, திருகின்மேல் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். அது நாளாக நாளாகப் பிசினாகும், மார்கழியில் உறையும். மூடி போட்ட க்ளூசன் பாணிக் கீயில் மூடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். எண்ணெய் விடவே அது. தங்கப்பூச்சு நம் ஊர் வியர்வைக்குத் தாங்காது, விரல் படும் இடத்தில் சீக்கிரமே வெளுக்கும். நிக்கல் மங்கும், ஆனால் அந்த மங்கல் பழைய கருவிக்கு அழகாகவே இருக்கிறது.

பொருத்துவது

ஒரு கீயைக் கழற்றி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழைய புஷ் வராவிட்டால் சால்டரிங் அயர்னை அதன்மேல் வைத்துச் சற்றுச் சூடேற்றி, பின்பக்கத்திலிருந்து மரக்குச்சியால் தள்ளுங்கள். புதியதைச் சுத்தியால் அடிக்க வேண்டாம், கிளாம்பில் மெத்தென்ற மரத்துண்டு வைத்து அழுத்தி இறக்குங்கள். திருகு ஓட்டை தளர்ந்திருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகாலில் தோய்த்து இறக்கி, ஒருநாள் காயவிட்டுப் புதிதாக ஓட்டை போடுங்கள். கீயோடு வரும் குட்டித் திருகுகள் மிக மென்மையானவை. மெழுகுவர்த்தியில் ஒருமுறை தேய்த்துவிட்டு முடுக்குங்கள். திருகின் தலை முறிந்து மீதி மரத்துக்குள் நின்றுவிட்டால் அதை எடுக்க ஒரு பகல் போகும்.

வீணை

சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வீணை ஆசிரியை வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர்.

"தம்பி, பிரடையைத் திருப்ப மணிக்கட்டு ஒத்துழைக்க மாட்டேங்குது. எல்லாரும் கிடார் கீ போட்டுக்கறாங்களாமே, எனக்கும் போட்டுக் குடுப்பா."

எடுத்துப் பார்த்தேன். தஞ்சாவூர் வீணை, ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்டம். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அதற்கும் எத்தனையோ ஆண்டு முன்பே இது பிறந்திருக்கிறது. கிடார் கீ போட வேண்டுமானால் பிரடையின், அதாவது கம்பியை இறுக்கும் மர முளையின், துளையை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். "அம்மா, முதல்ல பிரடையைச் சரி பண்ணிப் பாக்கறேன். ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

பிரடையை உருவி வெளிச்சத்தில் பார்த்தால் அதுவே நோயைச் சொல்லும். சரியாகப் பொருந்திய பிரடையில் இரண்டு இடத்தில் பளபளப்பான வளையம் தெரியும், பிரடைப் பெட்டியின் இரண்டு சுவரிலும் அது உராய்ந்து அமர்ந்த தடம். அவருடைய சாரணிக் கம்பியின் பிரடையில் ஒரே வளையம்தான் இருந்தது. ஒற்றைச் சுவரில் நிற்கும் பிரடையை எவ்வளவு அழுத்தித் திருப்பினாலும் வழுக்கும். அதை இறுக்கித்தான் அவர் மணிக்கட்டு ஓய்ந்திருந்தது. நான்கு பிரடையையும் சரிவு மாறாமல் சீவி இரண்டு சுவரிலும் அமர்த்தினேன். வழுக்கும் இடத்தில் சாக்பீஸ் பொடி, இறுகும் இடத்தில் சோப்பு. சிறு சுருதி வித்தியாசத்துக்குப் பிரடையைத் தொடவே வேண்டாம், லங்கரைத் தள்ளினால் போதும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லங்கர்கள் துருவேறி நகராமல் இருந்தன, அவற்றையும் மாற்றினேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். பிரடை நன்றாகவே நின்றது, மூட்டுவலிதான் கூடிவிட்டது. அப்போது அவர் வகுப்புக்கு வைத்திருந்த ஒட்டு வீணைக்குக் கிடார் கீ போட்டேன். கீ உட்காரும் சுவர் மெலிந்திருந்ததால் உள்ளே ஒரு மரப்பட்டியை ஒட்டிய பிறகே துளைத்தேன். கீயும் லேசான வகை. தலை கனத்தால் மடியில் வீணையின் நிலை மாறும் என்பதால் அதில் சமரசம் செய்யவில்லை. வாசிப்பவரின் கைக்குத் தேவை என்றால் கீ போடுவதில் தவறே இல்லை. எந்த வீணையில் போடுவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

வயலின்காரர்களுக்கு இந்தத் தர்மசங்கடம் குறைவு. பார்க்க மரப் பிரடைபோலவே இருந்து உள்ளே பல்சக்கரம் ஒளிந்திருக்கும் வகை கிடைக்கிறது. ஜெர்மனியின் விட்னர் செய்வதில் விகிதம் 8.5க்கு 1. பாடகருக்குப் பாடகர் சுருதி மாற்ற வேண்டிய நம் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கு அது உண்மையான உதவி. அதையும் விட்டத்தை அளந்துதான் வாங்க வேண்டும், துளை தேய்ந்த வயலினுக்குப் பெரிய எண் வரும்.

ஊரப்பாக்கம் கிடாருக்கு வருகிறேன். கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தபோது ஆறில் ஐந்து சக்கரம் நன்றாக இருந்தன. ஆறாவதன் பல் தேய்ந்திருந்தது. என்னிடம் கிடந்த ஒரு பழைய தகட்டிலிருந்து அதற்கொரு சக்கரம் பொருந்தியது. ஆறுக்கும் தந்த நிறத்தில் புதுக் குமிழ். புதுக் கீ செட்டைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். தேய்ந்த அந்த ஒற்றைச் சக்கரத்தை மாத்திரைக் கவரில் போட்டு, எந்தக் கம்பியுடையது, எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி, கிடார்ப் பையின் உள்பையில் வைத்து அனுப்பினேன். நீங்கள் எதைக் கழற்றினாலும் அப்படியே செய்யுங்கள். திருகு, வளையம், உடைந்த குமிழ் உட்பட. அந்தக் கிடாரைப் பிறகு எடுத்துப் பார்ப்பவருக்கு அளவு அங்கே இருக்கும்.